மோர்மன் வின்சன்ற் வீட்டுக்கு வெள்ளை அடித்தவர்

வீரக்குட்டி ரொறொன்ரோவின் வெக்ஸ்போர்ட்டில், நான் இருந்த கட்டடத்தின் நாலாம் மாடியில் இருந்தார். வீடுகளுக்குப் பெயின்ற் அடிப்பது அவருடைய வேலை. வயது ஐம்பத்துநாலு. சொந்த இடம் மட்டக்களப்பு. ரொறொன்ரோவுக்கு வந்த இருபத்தெட்டு வருசத்தில், யாழ்ப்பாணத்தாரோடு வேலை செய்து செய்து பேச்சு பாதிக்கு மேல் மாறிவிட்டது. அதிகம் பேசவும் மாட்டார். ரோலரைக் கையில் எடுத்தால் கை சுவரில் மேலும் கீழும் போகும், ஆள் வேறெங்கோ போய்விடுவார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தான் ஓட்டும் வானின் முன் சீற்றைச் சாய்த்து இருபது நிமிசம் நித்திரை கொள்வார். அந்த இருபது நிமிசத்துக்குள் மற்றவர்கள் ஒரு வருசத்தில் காணாத கனவுகளைக் கண்டுவிடுவார். மனைவி கனகாம்பிகை அவரைக் கனவுக்குட்டி என்றுதான் கூப்பிடுவார்.

இந்தக் கதையை அவர் எனக்குச் சொன்னது லிஃப்ற் பழுதாகிப்போன ஒரு பின்னேரம், படிக்கட்டில் இருந்துகொண்டு. எது நடந்தது, எது கனவில் கண்டது என்று தனக்கே தெரியாமல் இடைக்கிடை நிறுத்தி யோசித்தார். நான் இரண்டையும் பிரித்து எழுதப் பார்க்கிறேன். சில இடங்களில் பிரிக்க முடியவில்லை.

அது ஒரு மாசி மாதம். ரொறொன்ரோவுக்கு வடக்கே ஸ்ரௌவ்வில்லில் ஒரு வீட்டின் உள்பக்கம் முழுக்க வெள்ளை அடிக்க வேண்டும். பன்னிரண்டு நாள் வேலை. கொன்ற்ராக்ற் எடுத்தவர் பிரியந்தன், வீரக்குட்டியின் முதலாளி. முதல் நாள் காலை வானை ஓட்டிக்கொண்டு போகும்போதே அவர் எச்சரித்தார்.

"அண்ணை, உது மோர்மன் வின்சன்ற் வீடு. எங்கட யாழ்ப்பாணத்து ஆள்தான். வேதக்காரரா இருந்து, மோர்மன் எண்டு அமெரிக்காவில தொடங்கின ஒரு சபையில போய்ச் சேந்தவர். உவை மூண்டு நாலு கலியாணம் செய்யிற ஆக்கள். கரண்ட் பாவிக்க மாட்டினமாம், குதிரை வண்டில்தானாம். தேத்தண்ணி தொடமாட்டினம். உள்ளுக்கு ஒரு மந்திரச் சட்டை போடுறவை. ஆஸ்பத்திரிக்குப் போனாலும் ரத்தம் ஏத்த விடமாட்டினம், செத்தாலும் சாவம் எண்டு கிடப்பினம்."

"ஓம்" என்றார் வீரக்குட்டி.

"நீங்கள் ஒண்டும் கேக்காதேங்கோ. கேட்டால் பிடிச்சுச் சேத்துப்போடுவினம்."

பேச்சுக் குறைந்த ஆளை அனுப்பினால் பிரச்சினை இல்லை என்றுதான் பிரியந்தன் அவரைத் தெரிந்தெடுத்திருந்தார்.

வீட்டு வாசலில் வான் நின்றதும் கராஜ் கதவு தானாக மேலே போனது. உள்ளே ஒரு கார், சுவரில் வயர் கொழுவியபடி சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. குதிரையைக் காணவில்லை. பிரியந்தன் பெயின்ற் வாளிகளை இறக்கிவிட்டுத் திரும்பிப் போனார். அடுத்த நாளிலிருந்து வீரக்குட்டி தன் வானில் தனியாக வந்தார்.

வின்சன்றுக்கு அறுபத்தெட்டு வயது. மெலிந்த உயரமான ஆள். மிசிசாகாவில் எயார்ப்போர்ட் கார்கோவில் வேலை செய்து பென்சன் எடுத்தவர். ஒரு முழங்காலை இழுத்து இழுத்து நடந்தார். "வாரும் தம்பி, சப்பாத்து நனைஞ்சிருக்கும், ஹீற்றருக்குக் கிட்ட வையும்" என்றார். வீரக்குட்டி தன் தேத்தண்ணிப் பிளாஸ்கை ஜக்கெற்றுக்குள் மறைத்துக்கொண்டார். பத்து மணிபோல வின்சன்ற் ஒரு கோப்பையோடு வந்தார். மல்லித் தண்ணி, இஞ்சி தட்டிப் போட்டது.

"நான் தேத்தண்ணி, கோப்பி குடிக்கிறேல்ல. உமக்கு வேணுமெண்டால் தாராளமா குடியும். பிளாஸ்க் கொண்டு வந்தனீர்தானே? பிறகேன் ஒளிக்கிறீர்?"

வீரக்குட்டி சிரித்துவிட்டு மல்லித் தண்ணியையே குடித்தார்.

அந்த வீட்டில் பகல் மிக மெதுவாகப் போனது. புதுக் குடியிருப்பு, தெருவில் நடந்து போகிற ஆள் ஒன்றும் இல்லை. வெளியே பனி கொட்டியபடி இருந்தது. உள்ளே சுவர் ஒவ்வொன்றாக வெள்ளையாகிக்கொண்டு வந்தது. மூன்றாம் நாள், விறாந்தை ஜன்னலுக்குப் பக்கத்தில் ஏணியில் நிற்கும்போது, கண்ணாடிக்கு எந்தப் பக்கம் தான் நிற்கிறோம் என்று கொஞ்ச நேரம் தனக்குத் தெரியாமல் போய்விட்டது என்றார். ரோலரை வெளியே நீட்டி வெளியையும் அடித்துவிடலாம் போல, வெளியே வானத்தில் ஒரு இடம் மட்டும் இன்னும் இரண்டாம் பூச்சுக்குக் காத்துக்கொண்டிருப்பது போல.

ஹோலில் மூன்று படங்கள் இருந்தன. ஒன்று யேசு. யேசுவைக் கும்பிடாத வேதம் என்று வீரக்குட்டி எங்கோ கேள்விப்பட்டிருந்தார். படத்தைக் கழற்றும்போது, தன் வீட்டு முருகன் படத்தைக் கழற்றுவது போல இரண்டு கையாலும் எடுத்துத் துணியில் சுற்றி வைத்தார். மற்ற இரண்டும் கலியாணப் படங்கள். இரண்டிலும் மாப்பிள்ளை வின்சன்ற்தான். பொம்பிளைதான் வேறு வேறு.

"இது ரெஜினா. இது ஷாமிலா" என்றார் வின்சன்ற், பின்னால் வந்து நின்று. "ரெஜினாவுக்கு வெள்ளைச் சுவர்தான் பிடிக்கும். ஷாமிலா கொஞ்சம் மஞ்சள் கலந்தால் நல்லது எண்டுவா. நடுவில நான் ஒருத்தன். இந்தமுறை வெள்ளை."

வீரக்குட்டி ஒன்றும் கேட்கவில்லை. ஷாமிலா கல்கரியில் மகளின் பிள்ளைப்பெறு பார்க்கப் போயிருக்கிறா என்பது மட்டும் தெரிந்தது. அப்படியென்றால் மற்றவ எங்கே? அன்றும் அடுத்த நாளும் அவர் வேலை செய்துகொண்டே மேல்மாடியில் காலடி கேட்கிறதா என்று காது கொடுத்தார். ஹீற்றர் குழாய் சூடாகி டிக் டிக் என்றது. யாரோ கால் கொலுசோடு ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போவது போல இருந்தது. பொம்பிளை ஒருவர் மேலே இருந்து சுவரின் நிறம் சரியா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தபோது, ஏனோ மூலைகளை இன்னும் கவனமாக அடித்தார்.

சனிக்கிழமை வின்சன்ற் பூங்கொத்து ஒன்றோடு வெளிக்கிட்டார். "ரெஜினாவைப் பாத்திட்டு வாறன் தம்பி."

ஒரு மணித்தியாலத்தில் திரும்பி வந்தார். இரண்டு முழங்காலிலும் பனி அப்பியிருந்தது. அதைத் தட்டாமலே கதிரையில் இருந்தார். அப்போதுதான் வீரக்குட்டிக்கு விளங்கியது.

"எவ்வளவு காலம் அண்ணை?" என்று கேட்டார். அந்த வீட்டில் அவர் கேட்ட முதல் கேள்வி அது.

"பத்தொன்பது வருசம். கான்சர். ஷாமிலாவைக் கட்டினது அதுக்கு நாலு வருசம் கழிச்சு." வின்சன்ற் முழங்கால் பனியைத் தட்டினார். "எங்கட ஆக்கள் என்ன கதைக்கினம் எண்டு எனக்குத் தெரியும். அந்தக் காலத்தில, தொடக்கத்தில, எங்கட சபையில உது இருந்ததுதான். இல்லையெண்டு சொல்லமாட்டன். நூறு வருசத்துக்கு முன்னமே நிப்பாட்டியாச்சு. இப்ப ஒருத்தன் ரெண்டு பேரை வச்சிருந்தால் சபையை விட்டே தள்ளிப்போடுவினம். ஆனால் கலியாணம் சாவோட முடியுறேல்ல எண்டு நாங்கள் நம்புறம். அதாலதான் ரெஜினா இருந்தவ எண்டு எனக்குச் சொல்ல வருகுதில்லை. இருக்கிறா எண்டுதான் வருது."

"ஷாமிலா அக்கா?"

"அவ சில நேரம் கேப்பா, அங்க பரலோகத்தில நான் எந்தக் கதிரையில இருக்கிறது எண்டு."

பிறகு நாட்கள் இன்னும் இலகுவாகப் போயின. பின்னேரங்களில் வின்சன்ற் சாப்பாட்டு மேசையில் கொம்பியூற்றரை வைத்துப் பழைய ஞானஸ்நானப் பதிவுகளைப் பார்த்துப் பேர்களை எழுதிக்கொண்டிருப்பார். தன் குடும்பத்தில் செத்துப்போனவர்களின் பேர்கள். அவர்களுக்காக உயிரோடு இருக்கிற ஒருவர் தண்ணியில் முழுகி எழும்புவாராம்.

"அப்ப செத்தவையை மதம் மாத்திப்போடுவினம் எண்டு சொல்லுவினம், அதில்லை. வாசலைத் திறந்து விடுறது மட்டும்தான். வாறதும் வராததும் அவையின்ர விருப்பம். என்ர அம்மம்மா வேளாங்கண்ணி மாதாவை விட்டிட்டு வருவா எண்டு நான் நினைக்கேல்ல" என்று சிரித்தார். "உம்மட ஆக்களின்ர பேரை நான் தொட ஏலாது. அவரவர் தங்கட ஆக்களின்ர பேரைத்தான் குடுக்கலாம்."

அடுத்த நாள் மத்தியானம் வானுக்குள் வீரக்குட்டி ஒரு கனவு கண்டார். லைசென்ஸ் புதுப்பிக்கிற கந்தோர் போல ஒரு பெரிய மண்டபம். செத்துப்போனவர்கள் எல்லோரும் இலக்கத் துண்டோடு வரிசையாகக் கதிரைகளில் இருக்கிறார்கள். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, வேணுமோ வேண்டாமோ என்று மரியாதையாகக் கேட்கிறாள். சிலர் ஓம் என்கிறார்கள். சிலர் யோசித்துச் சொல்கிறோம் என்று திரும்பி வந்து இருக்கிறார்கள். வீரக்குட்டியின் தகப்பனும் அங்கே இருந்தார். அவர் கையில் துண்டு இல்லை. சும்மா சூட்டுக்காக உள்ளே வந்திருந்தார். மகனைக் கண்டதும், "வெளியில சரியான குளிர் மனே" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார். வீரக்குட்டி முழித்தபோது வானின் கண்ணாடி முழுக்கப் பனி மூடி, உள்ளே பால் வெளிச்சமாக இருந்தது. இறங்க மனம் வரவில்லை என்றார்.

ஒன்பதாம் நாள், வியாழக்கிழமை, பதினொரு மணி. வீரக்குட்டி மாடிப்படிச் சுவரை அடித்துக்கொண்டிருந்தார். குசினியில் கோப்பை ஒன்று விழுந்து உடைந்த சத்தம் கேட்டது. பிறகு வேறொரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் வின்சன்ற் நிலத்தில் கிடந்தார். வாயாலும் சட்டையிலும் ரத்தம். மாசக்கணக்காக முழங்கால் நோவுக்குப் போட்ட குளிசை வயிற்றைப் புண்ணாக்கி இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. வீரக்குட்டி 911 அடித்தார். அம்புலன்ஸ் வந்தது. அவர் பெயின்ற் அடித்த உடுப்போடு முன் சீற்றில் ஏறிப் போனார்.

எமர்ஜென்சியில் நேர்ஸ் ஒருவர் வின்சன்றின் மேல்சட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டினார். உள்ளே இன்னொரு வெள்ளைச் சட்டை. அதையும் வெட்டினார். பிரியந்தன் சொன்ன சட்டை இதுதான் என்று வீரக்குட்டிக்கு விளங்கியது. பார்த்தால் சாதாரணமான மெல்லிய உள்சட்டை. நேர்ஸ் அதை நிலத்தில் போடப் போனபோது அவர் கையை நீட்டி வாங்கினார். மடித்து, ஒரு பிளாஸ்ரிக் பைக்குள் வைத்து, மடியில் வைத்துக்கொண்டார். அந்த மனிசனுக்கு அது பெரிய விசயம். அவர் முழித்து வந்து கேட்கும்போது நிலத்தில் கிடந்தது என்று சொல்லக்கூடாது.

அந்த நேரத்தில்தான் டொக்டர் ரத்தம் கொண்டுவரச் சொன்னார்.

வீரக்குட்டி எழும்பினார். ஒன்பது நாள் மல்லித் தண்ணி குடித்த வீடு. அந்த வீட்டுக்காரரின் நம்பிக்கைக்கு இப்போது தன்னைத் தவிரப் பக்கத்தில் ஆள் இல்லை என்று அவருக்குத் தோன்றியது. வாழ்க்கையில் ஒருக்காலும் இல்லாத சத்தமாக ஆங்கிலத்தில் சொன்னார்: ரத்தம் வேண்டாம், இவர் மோர்மன், இவர்கள் ரத்தம் ஏற்ற மாட்டார்கள்.

அறையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். டொக்டர் ஒரு நடுவயதுப் பெண். அவர் கேட்டார்: "இவர் உங்களிடம் அப்படிச் சொன்னவரா?"

"இல்லை."

"எழுதிக் கையெழுத்து வைத்த அட்டை ஏதும் இவரிடம் இருக்கிறதா?"

"தெரியாது."

"அப்போது உங்களுக்கு யார் சொன்னது?"

"என்னுடைய போஸ்."

"அவர் மோர்மனா?"

"இல்லை. அவரும் பெயின்ரர்."

டொக்டர் அவரை ஒரு கணம் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை என்றார் வீரக்குட்டி. கோபமாகப் பார்த்திருந்தால் நல்லாயிருந்திருக்கும். ரத்தத்தைத் தயாராக வையுங்கள், உடனே குடும்பத்தைப் பிடியுங்கள் என்று டொக்டர் சொன்னார். வீட்டிலிருந்து வெளிக்கிடும்போது எடுத்துப் போட்ட வின்சன்றின் போன் வீரக்குட்டியின் பொக்கற்றில் இருந்தது. பூட்டியிருந்தது. நேர்ஸ் வின்சன்றின் விரலைத் துடைத்து, எடுத்து, போனில் வைத்து அழுத்தினார். கல்கரியில் ரெஜினாவின் மகள் மெலிசா எடுத்தார்.

வீரக்குட்டி தமிழில் விசயத்தைச் சொல்லி, ரத்தம் என்றதும் அந்தப் பக்கம் கத்தியது அறை முழுக்கக் கேட்டது. "என்ன விசர்க் கதை அங்கிள் இது! நாங்கள் ரத்தம் ஏத்துவம்! அப்பா தானே வருசா வருசம் போய் ரத்தம் குடுக்கிறவர்! Give him the blood, please, டொக்டரிட்டச் சொல்லுங்கோ!"

ரத்தம் ஏற்றினார்கள். பிந்தினது நாலு நிமிசம். அதால் ஒரு கெடுதலும் இல்லை, நீங்கள் உதவி செய்யத்தான் பார்த்தீர்கள் என்று டொக்டர் பிறகு வந்து சொன்னார். ஆனால் வீரக்குட்டிக்கு அந்த நாலு நிமிசம் முடியவில்லை. வெளியே கதிரையில் இருந்தபடியே கண் மூடிக்கொண்டு போனது. பெயின்ற் அடிக்கிறவர்களுக்குத் தெரியும், சில கறைகள் எத்தனை பூச்சுப் பூசினாலும் உள்ளேயிருந்து ஊறி மேலே வரும். அவர் ஒரு நீளமான வெள்ளைச் சுவரை அடித்துக்கொண்டே போனார். அடிக்க அடிக்கச் சிவப்பு பின்னால் ஊறிக்கொண்டே வந்தது. சுவர் ஸ்ரௌவ்வில்லைத் தாண்டி, வயல் பனியைத் தாண்டிப் போனது. அவர் திரும்பிப் பார்க்காமல் அடித்தார்.

வின்சன்ற் அடுத்த நாள் பின்னேரம் நன்றாக முழித்தார். அறையில் சபைக்காரர் இரண்டு பேர் நின்றார்கள். வீரக்குட்டியைக் கண்டதும் கை குடுத்துவிட்டு, வீட்டு வாசல் பனியைத் தாங்கள் வழித்துவிட்டோம் என்று சொல்லி வெளியே போனார்கள். வீரக்குட்டி கதிரையில் இருக்காமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். பிரியந்தன் வானில் சொன்னது, குதிரை, நாலு கலியாணம், ரத்தம், நாலு நிமிசம், ஒன்றும் விடவில்லை. பிளாஸ்ரிக் பையைக் கட்டிலில் வைத்தார்.

வின்சன்ற் கடைசி வரை கேட்டார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ரத்தம் ஏத்தாதவை வேற ஆக்கள் தம்பி, யெகோவாவின்ர சாட்சிகள். குதிரை வண்டில் மெனனைட் எண்ட இன்னொரு சபை ஆக்கள், அதிலயும் சில பேர்தான். அவைதான் இந்த ஸ்ரௌவ்வில்லையே தொடங்கினவை. எங்கட சனம் எல்லாத்தையும் ஒரு சட்டியில போட்டுக் கிண்டி என்ர தலையில ஊத்திப்போட்டுது."

சிரிப்பு நின்றது.

"ஒன்பது நாள் என்ர வீட்டில நிண்டனீர். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"கேக்கிறது மரியாதையில்லை எண்டு நினைச்சன் அண்ணை."

"எல்லாரும் அப்பிடித்தான் நினைச்சிருப்பினம் போல." வின்சன்ற் முகட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "முப்பத்தினாலு வருசமாச்சு நான் இதில சேந்து. கலியாண வீட்டுக்குப் போவன். ஒரு மேசை தள்ளி இருந்து பாப்பினம். எங்கட சொந்தம், சிநேகிதர், ஒருத்தரும் ஒரு நாளும் என்னட்ட, வின்சன்ற், நீ என்னத்தை நம்புறாய் எண்டு கேக்கேல்ல. நீர் ரத்தத்தை மறிச்சதும் என்னில வச்ச மரியாதையில. மரியாதை ஆளைக் கொல்லும் போல கிடக்கு."

வீரக்குட்டி கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். பையைக் காட்டினார். "அப்ப இது என்ன அண்ணை?"

வின்சன்ற் பையைத் திறந்து பார்த்தார். மடித்திருந்த விதத்தைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"மந்திரம் ஒண்டும் இல்லை. நான் கடவுளுக்கு ஒரு வாக்குக் குடுத்தனான். மறக்காமல் இருக்கிறதுக்கு உடம்போட ஒட்டி இருக்கிறது. இது போட்டாலும் கத்தியும் வெட்டும், துவக்கும் சுடும். நேர்ஸ் வெட்டினவதானே." பையை மூடிக்கொண்டு சொன்னார்: "இதைப் பற்றி நாங்கள் அதிகம் கதைக்கிறேல்ல. ஆனால் நீர் மடிச்சு வச்சனீர், உமக்குச் சொல்லலாம்."

அன்று இருட்டும் வரைக்கும் வீரக்குட்டி கேள்வி கேட்டார். வாழ்க்கையில் அவ்வளவு கேள்வி கேட்டதில்லை. கோக் குடிப்பீர்களோ? குடிக்கலாம். டான்ஸ் ஆடுவீர்களோ? நல்லா ஆடுவம், நான் ஆடினால்தான் பிழை. மாசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விரதம் இருப்பீர்களாமே? ஓம், உங்கட கந்தசஷ்டி மாதிரி நீளமில்லை. வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது கனகாம்பிகை, "நீங்களா கேட்டீங்க?" என்று திரும்பத் திரும்பக் கேட்டா.

ஷாமிலா ஞாயிறு காலை கல்கரியிலிருந்து வந்து சேர்ந்தா. சின்ன உருவம், கெதியான நடை. வீரக்குட்டி மிச்ச மூன்று நாள் வேலையையும் முடித்தார். கடைசி நாள் ஷாமிலா ஹோலில் நின்று சுவர்களைச் சுற்றிப் பார்த்தா. இரண்டு கலியாணப் படங்களையும் எங்கே கொழுவுவது என்று வீரக்குட்டி ஆணியோடு நின்றார்.

"பக்கத்தில பக்கத்தில அடியுங்கோ தம்பி" என்றா. "ரெண்டுக்கும் ஒரே உயரம். அங்க என்ன ஒழுங்கெண்டு கடவுள் பாக்கட்டும். இங்க உயரம் நான்தான் சொல்லுவன்."

வின்சன்ற் கதிரையில் இருந்து மல்லித் தண்ணி குடித்தார்.

வைகாசி மாதம் அவர்கள் இரண்டு பேரும் பிரம்ரனில் இருக்கிற தங்கள் கோயிலுக்குப் போகும்போது, வீரக்குட்டியையும் கூட்டிக்கொண்டு போனார்கள். கார் ஓட்ட வின்சன்றுக்கு இன்னும் டொக்டர் விடவில்லை. ஷாமிலாவுக்கு ஹைவே பயம். உள்ளே சபையில் தகுதி பெற்றவர்கள் மட்டும்தான் போகலாம். அது வின்சன்ற் முன்னமே சொன்னது. வெளியே புல்லும் பூக்களும் எல்லோருக்கும் பொது.

கோபுரத்தின் உச்சியில் பொன் நிறத்தில் ஒரு உருவம் எக்காளம் ஊதிக்கொண்டு நின்றது.

"அவரையோ கும்பிடுறனீங்கள்?"

"இல்லையப்பா. அவர் தேவதூதன், சேதி சொல்லுறவர். கும்பிடுறது கடவுளைத்தான்."

"உள்ளுக்கு என்ன செய்வீங்கள்?"

"கொஞ்சம் சொல்லுறன், கொஞ்சம் சொல்லமாட்டன்" என்றார் வின்சன்ற். "சொல்லாதது களவு இல்லை. எங்களுக்குப் பெரிசு, அவ்வளவுதான்."

இருவரும் சின்னப் பைகளோடு உள்ளே போனார்கள். வீரக்குட்டி சுற்றி நடந்தார். வெளிச் சுவரைத் தொழில்காரன் கண்ணால் பார்த்தார். பெயின்ற் இல்லை, கல்லே அந்த நிறம். வெயில் பட்ட இடத்தில் ஒரு வெள்ளை, நிழல் விழுந்த இடத்தில் இன்னொரு வெள்ளை. பிறகு புல்லில் சப்பாத்தைக் கழற்றிவிட்டுச் சாய்ந்தார். தூரத்தில் ஹைவே இரைந்தது. பறவைகள் சில எக்காளக்காரரைச் சுற்றிப் போயின. எக்காளத்திலிருந்து சத்தம் வரும், வரும் என்று வீரக்குட்டி பார்த்துக்கொண்டே இருந்தார். வரவில்லை. கண் மூடியது.

என்ன கனவு கண்டீர்கள் என்று நான் கேட்டேன். ஒன்றும் காணவில்லை என்றார். அப்படி ஒன்றும் இல்லாத நல்ல நித்திரை அவருக்கு வந்து கனகாலம். யாரோ தோளைத் தொட்டபோது வெயில் மேற்கே சாய்ந்திருந்தது. ஷாமிலா நின்றா, பின்னால் வின்சன்ற் முழங்காலை இழுத்துக்கொண்டு வந்தார்.

"பசிக்குது" என்றா ஷாமிலா. "வழியில எங்கயும் கொத்துரொட்டி இருக்குமோ?"

வீரக்குட்டி எழும்பிச் சப்பாத்தைத் தேடினார்.